முழு உதவித்தொகை இருக்கிறது, சம்பளச் சீட்டு எங்கே?

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் படிக்க, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 85,000 டொலருக்கு மேல் போகும். இந்தத் தொகையைக் கேட்டதுமே இலங்கை மலையகத்தின் தோட்டத் தொழிலாளர் வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது, பாடசாலையிலும்தான். 2025-26 முதல், ஆண்டு வருமானம் 100,000 டொலருக்குள் இருந்து பெரிய சொத்தும் இல்லாத குடும்பம் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்று அதே ஹார்வர்ட் அறிவித்திருக்கிறது. எம்.ஐ.டி.யிலும் அந்த வரம்புதான். பிரின்ஸ்டனில் 150,000. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

எங்கே விண்ணப்பிப்பது என்பதில்தான் முதல் கவனம் வேண்டும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., அம்ஹெர்ஸ்ட், டார்ட்மவுத், போடன், பிரவுன் போன்ற சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா என்று பார்க்காமலே அனுமதியை முடிவு செய்கின்றன. மற்ற பெரும்பாலானவை அதைப் பார்க்கும். அங்கே முழுத் தொகையும் கேட்கும் பிள்ளைக்குப் போட்டி கூடுதல். அதற்குப் பயந்து "கொஞ்சம் கட்டுவோம்" என்று எழுதிவிடாதீர்கள். விண்ணப்பிக்கும்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பிறகு உதவி தருவதில்லை என்ற விதி பல கல்லூரிகளில் உண்டு. ஃபாஃப்ஸா என்ற அமெரிக்க அரசின் உதவிப் படிவத்தில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், அது அமெரிக்கப் பிரஜைகளுக்கும் அங்கே நிரந்தரமாகக் குடியிருப்போருக்கும் உரியது. நமக்கு உரியது பெரும்பாலும் சி.எஸ்.எஸ். புரொஃபைல், கல்லூரிகளின் சொந்த உதவிக்காக இணையத்தில் நிரப்பும் படிவம். ஒக்டோபர் 1ஆம் திகதி திறக்கும். முதல் கல்லூரிக்கு 25 டொலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16. கட்ட முடியாதென்றால் கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். சில கல்லூரிகள் விலக்குக் குறியீடு தரும், சில வேறொரு இலவசப் படிவத்தை அனுப்பும்.

சிக்கல் வருவது வருமானம் எழுதும் இடத்தில்தான். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது, இப்படி அந்தந்த ஆண்டு நாட்சம்பளத்தை 25 நாளாலும் 12 மாதத்தாலும் பெருக்கிப் போடுகிறார்கள். தோட்டத்தில் அப்படியா சம்பளம் வருகிறது? கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். மழை மாதத்தில் வேலை நாளே குறைவு. செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைநாள் பதிவேட்டில், விழுந்த பேர்தான் கணக்கு. ஆகவே பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளையும் வரிசையாக வைத்துக் கூட்டுங்கள். கூட்டும்போது பார்க்க வேண்டியது கைக்கு வந்த தொகையை அல்ல, கழிவுகளுக்கு முந்திய மொத்தத்தை. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத் தூள் எல்லாம் வெட்டிய பிறகு மிஞ்சுவதைப் படிவத்தில் எழுதிவிட்டு, மொத்தத் தொகை உள்ள தோட்டக் கடிதத்தை இணைத்தால் இரண்டும் ஒத்துப்போகாது. உடனே விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரும், பதில் போய்ச் சேர்வதற்குள் முடிவுத் திகதி கடந்துவிடும். ஆண்டுத் தொகை கேட்கும் கட்டத்தில் மாதத் தொகையைப் போடுவது இன்னொரு பிழை. ரூபாயிலேயே எழுதலாம், டொலராக நீங்கள் மாற்றத் தேவையில்லை.

தோட்ட அலுவலகத்தில் பெரிய கிளாக்கரிடம் கடிதம் கேட்கும்போது "இவர் இங்கே வேலை செய்கிறார்" என்ற ஒற்றை வரியோடு வாங்கி வந்துவிடாதீர்கள். எந்த ஆண்டு, மொத்தச் சம்பளம் எவ்வளவு, எத்தனை நாள் வேலை, தோட்ட முகாமையாளரான துரையின் கையொப்பம், முத்திரை, இத்தனையும் வேண்டும். வருமான வரி அறிக்கை கேட்பார்கள். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் வரை வரி இல்லை என்பதால் தோட்டக் குடும்பத்தில் அப்படியொரு தாள் இருக்காது. வரி செலுத்தும் அளவுக்கு வருமானம் இல்லை என்று எழுதி, கிராம சேவகரின் வருமானச் சான்றிதழைப் பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து அனுப்புங்கள். அம்மா குவைத்திலிருந்து அனுப்பும் பணமும் வருமானம்தான், அதை மறைத்தால் வங்கிப் புத்தகமே காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டைப் பற்றிய கேள்வியில் பலர் "சொந்த வீடு" என்று போடுகிறார்கள், மூன்று தலைமுறையாகத் தோட்டத்தின் அதே லயக் காம்பிராவில் (வரிசை வீட்டு அறையில்) இருப்பதால். உறுதிப் பத்திரம் கையில் இல்லையென்றால் அது உங்கள் சொத்தல்ல. சொந்தம் இல்லை, வாடகை பூச்சியம், தோட்டம் தந்த குடியிருப்பு என்று விளக்கப் பெட்டியில் எழுதுங்கள். அப்பாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, செக்ரோலில் இன்னொரு மாதிரி இருக்கும். மூன்றும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, இந்த ஏற்பாடு நியாயமானதா? 2024இன் 1,350 ரூபாய்க் கணக்கில் தோட்டத்தில் இருவர் மாதம் 20 நாள் பேர் போட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறரை இலட்சம், டொலரை 300 ரூபாயாக வைத்தால் 2,160 டொலர். ஹட்டன் டவுனில் ஆசிரியத் தம்பதி ஒன்று 18 இலட்சம் உழைக்கிறது என்று வைத்தால் 6,000 டொலர். 100,000 டொலர் வரம்புக்கு முன்னால் இருவருமே அடிமட்டத்தில்தான் நிற்கிறார்கள். அமெரிக்கப் பணக்காரரையும் நம்மையும் அந்த அளவுகோல் நன்றாகவே பிரித்துக் காட்டும், நமக்குள் இருக்கும் இடைவெளியை அது பெரிதாகக் காணாது. அந்த இடைவெளி அதற்கு முன்பே தன் வேலையை முடித்துவிடுகிறது: ஆங்கில டியூஷன், அமெரிக்கக் கல்லூரி அனுமதிக்கான, 100 டொலருக்கு மேல் ஆகும் எஸ்.ஏ.டி. பரீட்சை, அறுந்து போகாத இணையம், பரிந்துரைக் கடிதம் எழுதத் தெரிந்த ஆசிரியர். எஸ்.ஏ.டி. கட்டண விலக்கு அமெரிக்காவுக்கு வெளியே உள்ள வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது. அந்தப் பரீட்சை எட்டாத விதிவிலக்கான நிலையில் க.பொ.த. உயர்தரப் பெறுபேற்றை ஏற்பதாக ஹார்வர்ட் சொல்லியிருக்கிறது, அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

நம் நாட்டிலும் இதே குறை வேறு உருவத்தில் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் ஒதுக்குகிறார்கள், நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் கணக்கெடுப்பது மாவட்டத்தை, குடும்பத்தை அல்ல. நுவரெலியா டவுனில் உள்ள வைத்தியரின் பிள்ளையும் தோட்டத்து மேல்கணக்குப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். குடும்ப வருமானத்தைப் பார்க்கும் அமெரிக்க முறை இந்த இடத்தில் ஒரு படி மேல் என்பதுதான் என் கணிப்பு.

அனுமதி கிடைத்தபின் வரும் செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வெளிநாட்டு மாணவரை அமெரிக்க அரசு பதிவு செய்யும் செவிஸ் கட்டணம் 350 டொலர், விசாக் கட்டணம் 185. 2024இன் 1,350 ரூபாய்க் கணக்கில் இது கிட்டத்தட்ட 119 நாள் சம்பளம், அதுவும் உதவித்தொகை கைக்கு வருவதற்கு முன்பே கட்ட வேண்டியது. அனுமதிக் கடிதம் வந்த வாரமே இந்தத் தொகையையும் விமானச் சீட்டையும் உதவியில் சேர்க்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். இன்னொன்று: தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் தரும் உதவிக்கு அமெரிக்க வரி உண்டு. மாணவர் விசாவில் இருப்பவருக்குப் பொதுவாக 14 வீதம் பிடிப்பார்கள், அதனால் முழு உதவி பெறும் பிள்ளைக்கும் முதல் தவணையிலேயே பில் வரலாம். அந்த வரியைக் கல்லூரி ஏற்கிறதா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.