மூன்றாம் கம்பி ஒருவழியாக வளைந்தது

நேற்று ராத்திரி கிட்டாரில் கம்பியைத் தள்ளி, ஏழாம் ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) 'ஈ' சுரம் முழுசாக வந்துவிட்டது. நாலு மாதமாக இதற்காகத்தான் காத்திருந்தேன்.

நான் பழகுவது 'ஏ'யை ஆதாரமாக வைத்து, பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) கொண்ட ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை. ஏ செவன், டி செவன், ஈ செவன் என்ற கூட்டுச் சுரங்கள் மூன்றும் ரெண்டு வாரத்தில் கைக்கு வந்துவிட்டன. ஷஃபிள் என்ற தாள நடையும் சிரமமில்லை, 'தகிட'வில் நடு எழுத்தை விழுங்கினால் தானாக விழுகிறது. இடித்தது சோலோ என்ற தனி வாசிப்பில்தான். மூன்றாம் கம்பியை ஏழாம் ஃப்ரெட்டில் பிடித்து 'டி'யை 'ஈ' வரை தள்ள வேண்டும். வீடியோவில் சொல்லித்தருபவருக்கு அது மூச்சு விடுவதுபோல. எனக்கு அரைச் சுரத்துக்கு மேல் நகரவே இல்லை. மோதிர விரலுக்கு நடுவிரலை முட்டுக் கொடுத்தேன், கட்டைவிரலைக் கழுத்துக்கு மேல் போட்டேன், மணிக்கட்டைத் திருப்பியும் பார்த்தேன். தோல் உரிந்து காய்ப்பு ஏறியதுதான் மிச்சம்.

எதிர்வீட்டு நாகஸ்வர அண்ணாச்சி ஒருநாள் திண்ணையில் நின்று கேட்டுவிட்டு, "தம்பி, இது சுத்த தன்யாசில்லா! ஆனா மத்திமத்துல இருந்து பஞ்சமம் போய்ச் சேரலயே" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். சோலோவில் வரும் ஏ மைனர் பென்டாடானிக் என்ற சுர வரிசையின் ஐந்து சுரமும் அந்த ராகத்தின் ஸ க ம ப நி தானே. 'ஏ'யை ஸ என்று வைத்தால் 'டி' மத்திமம், 'ஈ' பஞ்சமம்.

குறை விரலில் இல்லை. வீடியோக்காரர் வாசிப்பது எலெக்ட்ரிக் கிட்டார், அதில் மூன்றாவது வெறும் ஸ்டீல் கம்பி. என்னுடையது மின்சாரமில்லாத அகூஸ்டிக், 12 செட் (முதல் கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு), மூன்றாவது 24 தடிமனில், மேலே மெல்லிய கம்பி சுற்றிய சுற்றுக்கம்பி. மெல்லிசாக இருக்கட்டும் என்று 10 செட் வாங்கி மாட்டினேன், அதிலும் மூன்றாவது சுற்றுக்கம்பியே. கடைசியில் எலெக்ட்ரிக் செட்டின் 17 வெறுங்கம்பியைப் போட்டேன். இழுவை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துவிட்டது.

அந்த ஒரு கம்பிக்காகச் செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு குகை தாண்டி, ரயிலில் புனலூர் போனேன். தனிக் கம்பி தரமாட்டார்களாம், முழு செட்டும் வாங்க வேண்டியதாயிற்று. மீதி ஐந்தும் அரிசி டப்பாவுக்குள் கிடக்கின்றன. இந்தச் சாரல் காற்றில் வெளியே வைத்தால் கறுத்துவிடும்.

இப்போது சரிபார்க்கும் விதம்: ஆட்காட்டி விரல் இரண்டாம் கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டில். அதுவும் 'ஈ'தான். இரண்டு கம்பியையும் சேர்த்து மீட்டி மூன்றாவதைத் தள்ளிக்கொண்டே போனால், முதலில் வேகமாக ஒரு நடுக்கம் கேட்கும். நெருங்க நெருங்க அது மெதுவாகி, ஒரு இடத்தில் அடியோடு நின்றுவிடும். இரண்டு கம்பியும் ஒன்றாகிவிட்ட அந்த நொடியில் பெட்டியே கையில் அதிர்கிறது. நேற்று இருபது தடவையாவது அதையே கேட்டேன்.

சேடில் (பெட்டியின் மேல் கம்பிகளைத் தாங்கும் முட்டு) சுற்றுக்கம்பிக்கு அளந்தது என்பதால் மேலே போகப்போக வெறுங்கம்பி கொஞ்சம் சுருதி கூடிப் பேசுகிறது. சுருதியை ஒரு மயிரிழை இறக்கி வைத்திருக்கிறேன். சேடிலை அரத்தால் தேய்க்க வேண்டும், மழைக்காலம் முடியட்டும்.

அடுத்தது அதே கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட் 'சி'. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே அதை நிறுத்த வேண்டும். ப்ளூஸின் அழுகை முழுவதும் அந்தக் கால் சுரத்தில்தான் இருக்கிறது. ப்ளூஸ் மேதை பி.பி. கிங்கின் விப்ரேட்டோ என்ற சுர நடுக்கம் அதற்கும் பிறகு. கடைசி இரண்டு பாரின் டர்ன்அரௌண்டை, அதாவது மறுபடி தொடக்கத்துக்குத் திருப்பும் பகுதியை, இன்னும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி சுருதிப்பெட்டியோடு வருகிறார். ஆறு கட்டையில், அதாவது 'ஏ'யில், வைக்கச் சொல்லியிருக்கிறேன்.