எஃப்/1.2 மேனுவல் லென்ஸோடு போர்ட்ரெய்ட் பிராக்டிகல்: 51ல் இருந்து 88

நேற்று சாயந்திரம் ரிசல்ட் வந்தது. 100க்கு 88. போன செமஸ்டர் பிராக்டிகலில் எனக்கு 51. இடையில் கேமராவும் மாறவில்லை, லென்ஸும் மாறவில்லை. அதே செகண்ட் ஹேண்ட் சோனி ஏ6000, அதே 50 மி.மீ. எஃப்/1.2 மேனுவல் லென்ஸ் (ஃபோகஸையும் அபர்ச்சரையும், அதாவது வெளிச்சம் நுழையும் திறப்பையும், கையால் திருப்பி வைக்கிற லென்ஸ்; எஃப் எண் குறையக் குறைய திறப்பு பெரிதாகும்). மாறியது ஒரே ஒரு பழக்கம். மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

ரெக்கார்டு, மவுண்டிங், இன்டர்னல் பற்றியெல்லாம் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிற யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபோகஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். என் மார்க் போனதும் அதனால்தான், வந்ததும் அதனால்தான்.

போன செமஸ்டரில் 12 பிரிண்ட் வைத்தேன், எல்லாம் 12க்கு 18 சைஸ். கேமரா ஸ்கிரீனில் பார்த்தபோது ஒவ்வொன்றும் கத்தி மாதிரி தெரிந்தது. எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) முதல் பிரிண்டைக் கையில் எடுத்தார், ஜன்னல் பக்கம் கொண்டுபோய் சாய்த்துப் பார்த்தார். எங்கள் பெரியம்மாவின் போர்ட்ரெய்ட் அது. "தோடு ஷார்ப்பா இருக்கு, தலைமுடி ஷார்ப்பா இருக்கு. கண்ணு எங்கப்பா?" என்று கேட்டார். அதற்கப்புறம் 5 பிரிண்டில் அதே கேள்விதான். எனக்கு வாயே வரவில்லை. வீட்டுக்கு வந்து பிரிண்ட்களை வரிசையாகப் பரப்பினேன். தப்பு எல்லாவற்றிலும் ஒரே திசையில் இருந்தது. ஃபோகஸ் கண்ணுக்குப் பின்னால் விழுந்திருந்தது, ஒன்றில்கூட முன்னால் இல்லை.

காரணம் பிடிபட ஒரு வாரம் ஆனது. நான் கண்ணை ஃப்ரேமின் நடுவில் வைத்து ஃபோகஸ் பண்ணுவேன், பிறகு கேமராவைத் திருப்பி கம்போஸ் பண்ணுவேன். கிட் லென்ஸில் பழகிய பழக்கம் அது. 16-50 கிட் லென்ஸ் 50ல் எஃப்/5.6, அதில் இந்தத் தப்பு பெரிதாக வெளியே தெரியாது. 50 மி.மீ. எஃப்/1.2ல் ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் முகத்துக்கு, என் கேமராவின் ஏபிஎஸ்-சி சென்சாரில் கிடைக்கும் டெப்த் (ஷார்ப்பாகத் தெரியும் ஆழம்) மொத்தமே கிட்டத்தட்ட 2 செ.மீ. கண்ணுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஃபோகஸ் ஆகும் தளம் சென்சாருக்கு இணையாக நிற்கிற ஒரு கண்ணாடிப் பலகை மாதிரி. கேமராவைத் திருப்பினால் பலகையும் கூடவே திரும்பும். 10 டிகிரி திருப்பினால் போதும், அந்தப் பலகை கண்ணுக்கு ஒன்றரை செ.மீ. பின்னால் போய்விடும். அதாவது டெப்த்துக்கு வெளியே. இதோடு திருப்பும்போது நம் உடம்பும் கொஞ்சம் பின்னால் சாயும். தோடு ஷார்ப்பாக வந்தது இப்படித்தான்.

அதனால் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: முதலில் கம்போஸ், பிறகு ஃபோகஸ். ஃபோகஸ் பண்ணியபின் கேமராவைத் திருப்பவே திருப்பாதீர்கள். ஏ6000 மாதிரி மிரர்லெஸ்ஸில் அதற்கு வசதி இருக்கிறது, மேக்னிஃபையரை (ஸ்கிரீனில் ஒரு பகுதியைப் பெரிதாக்கிக் காட்டுவது) கண் எங்கே இருக்கிறதோ அங்கேயே நகர்த்தலாம்.

என் செட்டிங்:
- 'ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்' எனேபிள். மின் காண்டாக்ட் இல்லாத லென்ஸைக் கேமராவுக்குத் தெரியாது, இதைப் போடாவிட்டால் ஷட்டரே விழாது.
- ஃபோகஸ் மேக்னிஃபையர் சி1 பட்டனில். இந்த மாதிரி லென்ஸில் ரிங்கைத் திருப்பினால் தானாகப் பெரிதாகாது.
- மேக்னிஃபையர் டைம் 'நோ லிமிட்'. 2 செகண்டில் மூடிக்கொண்டால் பதற்றம்தான் வரும்.
- 5.9 மடங்கு போதும். 11.7ல் கை நடுக்கம்தான் தெரியும், கண் தெரியாது. ட்ரைபாடு என்றால் மட்டும் 11.7.
- பீக்கிங் (ஃபோகஸ் ஆன விளிம்புகளைக் கலரில் காட்டுவது) 'லோ', சிவப்பு. ரா (RAW) ஃபைலாக எடுத்துக்கொண்டு கிரியேட்டிவ் ஸ்டைலை பிளாக் அண்ட் ஒயிட்டில் வைத்தால் சிவப்பு பளிச்சென்று தெரியும், ரா ஃபைலில் கலர் அப்படியே இருக்கும்.
- எம் மோடு, ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓ ஆட்டோ.

பீக்கிங்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அது பார்ப்பது கான்ட்ராஸ்ட்டை. எஃப்/1.2ல் படத்தின் மேல் ஒரு மெல்லிய புகை மாதிரி இருக்கும், அதில் இமை முடி பீக்கிங்கில் சரியாக ஏறாது. மூக்குத்தி உடனே ஏறிவிடும். மூக்குத்தி சிவப்பாக மின்னுகிறதே என்று அமுக்கினால் கண் போச்சு. பீக்கிங் கிட்டத்தட்ட வழி காட்டும், முடிவை மேக்னிஃபையரில்தான் எடுக்க வேண்டும்.

எஃப்/2.8ல் எடுக்கப்போகிறீர்கள் என்றால் அபர்ச்சர் ரிங்கை 2.8ல் வைத்தே ஃபோகஸ் பண்ணுங்கள். முழுசாகத் திறந்து ஃபோகஸ் பண்ணிவிட்டு அப்புறம் மூடினால், இந்த மாதிரி வேகமான லென்ஸில் ஃபோகஸே கொஞ்சம் நகர்ந்துவிடும். ஸ்ஃபெரிக்கல் அபெரேஷன் (லென்ஸின் ஓரத்தில் நுழையும் ஒளியும் நடுவில் நுழையும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாத குறை) செய்கிற வேலை அது. வைவாவில் இதையும் கேட்டார்கள்.

இந்த செமஸ்டர் போர்ட்ஃபோலியோவுக்கு மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு 9 நாள் போனேன். விடியற்காலை, மல்லி மூட்டை மூட்டையாக இறங்கும் நேரம். முதல் 3 நாளில் ஒரு படம்கூடத் தேறவில்லை, கூட்டத்தில் எல்லோரும் அசைந்துகொண்டே இருப்பார்கள். நாலாம் நாள் ஒரு ஓரத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டுவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். வெளிச்சம் ஒரே ஒரு குண்டு பல்புதான். "என்ன தம்பி, படமே எடுக்கல, அதையே திருகிக்கிட்டு இருக்க?" என்றார். "கண்ணு சரியா விழணும்க்கா" என்றேன். "அப்ப நான் ஆடாம இருக்கணுமா?" "இல்லக்கா, நீங்க கட்டுங்க."

அங்கேதான் அடுத்த விஷயம் புரிந்தது. பூக்கட்டுகிறவர் முகம் ஒரு தாளத்தில் முன்னும் பின்னும் போகும். நாரை இழுத்து முடிச்சு போடும்போது தலை குனியும், அடுத்த பூவை எடுக்கும்போது ஒரு கணம் நிமிர்ந்து அப்படியே நிற்கும். நான் அந்த நிற்கும் இடத்துக்கு ஃபோகஸை வைத்துவிட்டு ரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அப்புறம் ரிங்கைத் துரத்தவே இல்லை. அவர் நிமிரும்போது என் உடம்பை இம்மி இம்மியாக முன்னால் சாய்த்தபடி 3 படம். மூன்றில் ஒன்று கண்ணில் விழுந்தது. அந்த நாளில் மொத்தம் எடுத்ததே 40 ஃப்ரேம். எனக்கு இந்த நிதானம் ஒத்துவருகிறது. ஓடி ஓடி ஆயிரம் ஃப்ரேம் எடுக்கிறவர்கள் இந்த லென்ஸோடு பரீட்சைக்குப் போக வேண்டாம், கிட் லென்ஸையே எடுத்துப் போங்கள்.

வீட்டில் இன்னொரு வேலையும் செய்தேன். டேப் வைத்து ஒரு மீட்டர் அளந்து, லென்ஸ் ரிங்கில் அந்த இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி. கண்ணை மூடிக்கொண்டும் ஒரு மீட்டருக்கு விரல் போகும் அளவுக்குப் பழகினேன். தினமும் அரை மணி நேரம், தம்பி முகத்தை வைத்து. எந்தப் பக்கம் திருப்பினால் தூரம் கூடும் என்பது யோசிக்காமல் கைக்கு வர வேண்டும்.

பரீட்சை அன்று ஸ்பாட் டாஸ்க் கொடுத்த நேரம் நல்ல மத்தியானம், வெட்டவெளி. ஐஎஸ்ஓ 100ல் எஃப்/1.2க்கு அந்த வெயிலில் ஷட்டர் 1/16000க்கும் மேலே வேண்டும். ஏ6000ல் 1/4000 தான் உச்சம். பக்கத்தில் இருந்த பையன் எல்லாப் படத்தையும் வெள்ளையாக எடுத்துவிட்டு வியர்த்துப்போய் நின்றான். என்னிடம் என்டி8 ஃபில்டர் (வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைப்பது) இருந்தது, என் வேலை முடிந்ததும் கழற்றி அவனிடம் கொடுத்தேன். ஃபில்டர் இல்லையென்றால் நிழலுக்குப் போங்கள், இல்லை எஃப்/4க்கு மூடுங்கள். எல்லாப் படமும் 1.2லேயே இருக்க வேண்டும் என்று எந்த சிலபஸிலும் இல்லை. என் 12 பிரிண்டில் 5 தான் முழுசாகத் திறந்து எடுத்தவை.

வைவாவில் கேட்டவை:
- எஃப்/5.6க்கும் எஃப்/1.2க்கும் எத்தனை ஸ்டாப்? (ஏறக்குறைய நாலரை; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு)
- 50 மி.மீ. உங்கள் கேமராவில் எதற்குச் சமம்? (ஃபுல் ஃப்ரேமில் 75 மி.மீ.)
- இந்தப் படத்தின் அபர்ச்சர் என்ன?

கடைசிக் கேள்விக்குத்தான் பலர் மாட்டினார்கள். இந்த லென்ஸ்கள் அபர்ச்சரை எக்ஸிஃப்பில் (படத்தோடு கேமரா பதிவு செய்யும் தகவலில்) எழுதாது. நான் ஒரு சின்ன நோட்டில் தேதி, ஃப்ரேம் நம்பர், அபர்ச்சர், தூரம் எழுதி வைத்திருந்தேன். எக்ஸ்டர்னல் நோட்டை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு பூக்கட்டும் அக்காவின் பிரிண்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார், போன தடவை மாதிரியே. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "இமையை எண்ணலாம் போல இருக்கே" என்று சொல்லிவிட்டு அடுத்த பிரிண்டை எடுத்தார்.

லென்ஸை இப்போது ஒரு ஜூனியர் கேட்டிருக்கிறான், கொடுக்கப்போகிறேன். ரிங்கில் உள்ள சிவப்புப் புள்ளியை அழிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அது ஒரு மீட்டர்.