பூலாம்பட்டியில் நிற்கும் காவிரி

சேலத்துக்காரர்களுக்கு ஆறு பார்க்க ஆசை வந்தால் வண்டியை எடுக்க வேண்டும். ஊருக்குள்ளேயே ஒரு ஆறு இருக்கத்தான் இருக்கிறது. சேர்வராயன் மலையில் பிறந்து வரும் திருமணிமுத்தாறு. டவுனுக்குள் அதன் பாலத்தைத் தாண்டும்போது நாங்கள் மூக்கைப் பொத்திக்கொள்வோம். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை மாமனாரையும் ஏற்றிக்கொண்டு ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர் போய், அங்கிருந்து பூலாம்பட்டி என்று கிளம்பினோம்.

மேட்டூரில் அதிக நேரம் நிற்கவில்லை. பூங்காவில் கூட்டம், வெயில் வேறு. அணையின் பதினாறு கண் மதகுப் பக்கம் மட்டும் ஒரு எட்டு போய்ப் பார்த்தோம். மதகு மூடியிருந்தது. கீழே பாறைகளுக்கு நடுவே அங்கங்கே குட்டை குட்டையாகத் தண்ணீர், அதில் இறங்கித் துணியால் மீன் அரித்துக்கொண்டிருந்த நாலைந்து பையன்கள். உபரி நீர் பாயும்போது இந்தப் பாறைக்காடு முழுக்க ஆறு. அதோடு மீனும் வரும். மதகை மூடியதும் தண்ணீர் வடிந்துவிடும், மீன் குட்டையில் மாட்டிக்கொள்ளும். வெயில் ஏற ஏறத் தண்ணீர் சூடாகும், சூடான தண்ணீரில் பிராணவாயு குறையும். அப்புறம் பையன்கள் பிடிக்காவிட்டாலும் கொக்கு பிடிக்கும்.

பூலாம்பட்டியை 'குட்டிக் கேரளா' என்று யார் முதலில் சொன்னார்களோ, பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. பொய்யும் இல்லை. இக்கரையில் தென்னை, அக்கரையில் பாலமலை, நடுவில் கண்ணாடி மாதிரி அகலமான காவிரி. விசைப்படகில் ஏறினால் எதிர்க்கரையில் நெரிஞ்சிப்பேட்டை, அது ஈரோடு மாவட்டம். படகில் எங்களோடு இரண்டு பைக்குகளும் ஒரு கல்யாணக் கூட்டமும் ஏறின.

நடு ஆற்றில் ஏதோ கோளாறு என்று படகுக்காரர் மோட்டாரை நிறுத்தினார். சத்தம் அடங்கியது. படகு நின்ற இடத்திலேயே நின்றது. ஓர் அடிகூட நகரவில்லை. சின்ன வயதில் இதே கரையில் வளர்ந்த மாமனார் பலகையில் உட்கார்ந்தபடியே, "மாப்ள, அந்தக் காலத்துல நடு ஆத்துல பரிசலை விட்டா பவானிக்குத்தான் போய் நிக்கும். இப்பப் பாருங்க, குளத்துல கட்டிப்போட்ட எருமையாட்டம் இருக்குது" என்றார். படகுக்காரருக்குச் சிரிப்பு. "கதவணை கட்டுனதுல இருந்தே இப்படித்தானுங்க."

அதுதான் விஷயம். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று மின்சாரத்துக்காக வரிசையாகக் கதவணைகள். ஒன்றில் தேங்கிய தண்ணீர் அடுத்ததில் போய்த் தேங்குகிறது. நாம் படகு சவாரிக்கு வரும் இந்த அழகான அசையாத தண்ணீர் ஆறே இல்லை, படிப்படியாக அடுக்கி வைத்த குளங்கள். எனக்கும் அங்கே உட்கார்ந்திருக்கும்வரை இது உறைக்கவில்லை, போட்டோ எடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

மீனுக்கு உறைத்திருக்கும். கெண்டை வகைகள் பலவும் புதுவெள்ளம் வந்தால்தான் முட்டையிடும். தண்ணீர் கலங்கி, ஏறி, கரையோரப் புல்லை மூழ்கடிக்க வேண்டும். அதுதான் அவற்றின் நாள்காட்டி. இப்போது அந்த நாள்காட்டி அணையில் இருக்கிறது. பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். 2023-இல் ஜூன் 12-இல் திறந்தும் தண்ணீர் போதாமல் அக்டோபரிலேயே மூட வேண்டி வந்தது. 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள், அதற்குப் பிறகு ஓரிரு நாளிலேயே அணை 120 அடியைத் தொட்டு வெள்ளமாகவே வந்தது. விவசாயிக்கே இது தலைவலி. சினைமீன் யாரிடம் போய்க் கேட்கும்?

கடலுக்கும் ஆற்றுக்கும் அலைகிற மீன்களின் கதை இன்னும் மோசம். உள்ளம் மீன் வளர்வது கடலில், முட்டையிட ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறும். விலாங்கு நேர்மாறு, முட்டையிடுவது கடலில், வளர ஆறு வேண்டும். 1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்ட பிறகு காவிரியில் உள்ளம் மீன்பிடிப்பு சரிந்தது. அணை கட்டியதைக் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் மேட்டூர்த் தண்ணீர்தான். ஆனால் அணைக்கு 93 டிஎம்சி கொள்ளளவு என்று கணக்குப் போட்ட தாளில் மீனுக்கு ஒரு வரி இருந்திருக்கலாம்.

வண்டல் விஷயமும் உண்டு. வெள்ளம் கொண்டுவரும் வண்டல் அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது, கீழே போவது தெளிந்த தண்ணீர். தெளிந்த தண்ணீர் அடிமணலை அரித்துக்கொண்டு போகும். மணலில் கூடு பறிக்கிற மீனுக்கும், மணலுக்குள் புதைந்து வாழ்கிற மட்டிக்கும் இடம் போச்சு.

இந்தத் தேக்கம் யாருக்கு வாழ்வு என்பது மதியம் சாப்பாட்டில் தெரிந்தது. கரையோரக் கடையில் என்ன மீன் என்று கேட்டோம். ஜிலேபி. வேறு? கட்லா, ரோகு. வேறு? "ஜிலேபியே நல்லாருக்கும்ங்க." கட்லாவும் ரோகுவும் கங்கைப் பக்கத்து மீன்கள், குஞ்சு விட்டு வளர்ப்பவை. ஜிலேபி ஆப்பிரிக்க மீன், 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. அதன் தாய்மீன் முட்டையை வாயிலேயே வைத்துக் காப்பாற்றும். வெள்ளம் வேண்டாம், ஓட்டம் வேண்டாம், வருஷத்தில் பல தடவை குஞ்சு பொரிக்கும். நின்ற தண்ணீருக்கென்றே செய்த மீன்.

மாமனார் சாப்பிடவில்லை. கருமுழிக்கெண்டை இருக்கிறதா என்று கடைக்காரப் பெண்ணிடம் இரண்டு தடவை கேட்டார். "எப்பவாவது ஒண்ணு ரெண்டு மாட்டும்ங்கய்யா, வந்தா மொதலாளிக்கே போயிரும்" என்றார் அந்தப் பெண். ஓட்டத்தில் வளர்ந்த மீனுக்குச் சதை இறுகி இருக்கும், குளத்து மீன் மண் வாசனை அடிக்கும் என்று மாமனார் பத்து நிமிஷம் பாடம் எடுத்தார். அது நாக்கின் பழைய ஞாபகமா, உண்மையா என்று எனக்குத் தெரியாது. நான் தின்றது ருசியாகத்தான் இருந்தது.

திரும்பும்போது எடப்பாடி வழி வந்தோம். ஊர் தாண்டும் முன் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய் ஒரு கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்து, "வீட்டுல கேப்பாங்க" என்றார். சேலம் வரும்வரை வண்டியில் மண் வாசனை அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.