பத்தரை மணிப் பரோட்டா

காரைக்குடியில் ராத்திரி 10.30-க்கு சால்னா மிதக்க ரெண்டு பரோட்டா, கூட ஒரு கோழி வறுவல். 11.30-க்குப் படுக்கை. வயிறு அப்போதுதான் வேலையைத் தொடங்கியிருக்கும். எண்ணெயும் கறியும் சேர்ந்த சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க 4 மணி நேரம்கூட ஆகும். கொழுப்பு, உணவுக்குழாயின் அடியிலுள்ள வால்வைத் தளர்த்தும். அந்த நிலையில் படுத்தால் அமிலம் மேலேறும். நடுராத்திரிப் புளிச்ச ஏப்பம், தொண்டை எரிச்சல், வறட்டு இருமல் பல பேருக்கு இதனால்தான். மிளகாய் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை.

சர்க்கரைக் கணக்கு வேறு. இருட்டியதும் சுரக்கும் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன், கணையத்தின் இன்சுலின் சுரப்பை மட்டுப்படுத்தும். அதனால் 7 மணிக்குச் சாப்பிடும் அதே நாலு இட்லி, 10 மணிக்கு ரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும்.

படுக்க 3 மணி நேரம் முன்னால் சாப்பிட்டு முடியுங்கள். விருந்தில் தாமதமானால் (ஆச்சிமார் லேசில் விடுவார்களா!) ரெண்டு இடியாப்பத்தோடு எழுந்துவிடுங்கள், வறுவல், பணியாரம் காலையில் பார்த்துக்கொள்ளலாம். இடது பக்கம் சாய்ந்து படுங்கள். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிற்றில் அழுத்தம்தான் கூடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் 6 அங்குல மரக்கட்டை வையுங்கள்.

இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் மட்டும் ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு விட்டுவிட வேண்டாம். தூக்கத்தில் சர்க்கரை தாழ்ந்து வியர்வை, படபடப்பு வரலாம். சாப்பாட்டு நேரத்தை முன்னால் நகர்த்தும்போது மருந்து நேரத்தையும் டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள்.