இரண்டு சதுர மைலில் ஒரு ஊர்: ஹாம்ட்ராமிக்

டெட்ராய்ட்டுக்குள்ளேயே இன்னொரு ஊர் தனி நகராட்சியாக உட்கார்ந்திருப்பது, அந்தப் பக்கம் வேலைக்கு வரும் நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. டிராய், நோவை, ஃபார்மிங்டன் ஹில்ஸ் என்று புறநகர்களிலேயே அவர்கள் வாரக்கடைசிகள் முடிந்துவிடும். என் நண்பரும் மிச்சிகன் வந்து பல வருடம் ஆகியும் ஹாம்ட்ராமிக் போனதில்லை. "அங்க என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் காரை எடுத்தார்.

ஊர் இரண்டு சதுர மைலுக்குக் கொஞ்சம் கூட. ஒரு ஓரத்தில் ஹைலேண்ட் பார்க் என்ற சின்ன நகரம், மற்ற எல்லாப் பக்கமும் டெட்ராய்ட். 2020 கணக்கெடுப்பில் 28,433 பேர். மிச்சிகனிலேயே ஜன நெருக்கம் அதிகமான நகரம் இதுதான்.

எந்த ஊருக்குப் போனாலும் அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று முன்னாலேயே பார்த்து வைப்பது என் வழக்கம். ஹாம்ட்ராமிக்கின் 2010 கணக்கை எடுத்தால் பாதிக்குச் சற்று மேல் வெள்ளையர், ஐந்தில் ஒரு பங்கு கறுப்பினத்தவர், ஏறக்குறைய அதே அளவு ஆசியர் என்று இருக்கிறது. இதை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர் ஜோசஃப் கம்போ தெருவில் இறங்கியதும் முழிப்பார். நாங்கள் போனது வெள்ளிக்கிழமை மதியம். ஒலிபெருக்கியில் பாங்கு சொல்கிறார்கள். தொப்பி போட்ட பையன்கள் சைக்கிளில் பறக்கிறார்கள். முகத்திரை அணிந்த பெண்கள் கைவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கடைப் பலகைகளில் அரபி, வங்காளம், ஆங்கிலம், நடுநடுவே போலிஷ். கணக்கில் சொன்ன அந்தப் பாதி வெள்ளையர் எங்கே?

கண்ணெதிரேதான் இருக்கிறார்கள். இங்கே நிறைய இருக்கும் ஏமன்காரர்கள் அமெரிக்கக் கணக்கெடுப்பில் வெள்ளையர். மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த எல்லோரையும் அந்தக் கட்டத்தில்தான் போட்டுவந்தார்கள். 'மற்றவை' என்று குறித்து 'ஏமன்' என்று எழுதிக் கொடுத்தாலும், அலுவலகத்தில் எடுத்து வெள்ளையரோடு சேர்த்துவிடுவார்கள். ஆகவே போலந்துப் பாட்டியும், ஏமனின் 'இப்' மாகாணத்திலிருந்து வந்த டாக்சி ஓட்டுநரும் அட்டவணையில் ஒரே வரி.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1942-இல் டெட்ராய்ட் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அகமது ஹசன் என்ற ஏமன்காரர் குடியுரிமை கேட்டபோது, நீ வெள்ளையனே இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். குடியுரிமைக்குப் பெரும்பாலும் வெள்ளையராகவோ ஆப்பிரிக்க வம்சாவளியினராகவோ இருக்க வேண்டும் என்ற சட்டம் இருந்த காலம் அது. தோல் நிறம் மட்டுமல்ல, அரேபியர்கள் இஸ்லாமிய உலகத்தைச் சேர்ந்தவர்கள், கிறிஸ்தவ ஐரோப்பாவிலிருந்து வெகு தூரம் என்பதும் நீதிபதி சொன்ன காரணங்களில் ஒன்று. இரண்டே வருடத்தில், மாசசூசெட்ஸில் வேறொரு நீதிபதி அரேபியர் ஒருவரை வெள்ளையர் என்று ஏற்றுக்கொண்டார். நம் கதையும் இதற்குக் குறைந்ததில்லை. 1923-இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியின் குடியுரிமை வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர் வெள்ளையர் அல்ல என்றது. 1970 கணக்கெடுப்பில் இந்தியர்களை வெள்ளையரில் சேர்த்தார்கள். 1980-இல் ஆசியர் ஆக்கினார்கள். நண்பரிடம் இதைச் சொன்னபோது, "விசா மாதிரி இதுக்கும் ஸ்டேட்டஸ் மாறுமா?" என்றார்.

இந்த ஊருக்கு இத்தனை பேர் ஏன் வந்தார்கள் என்ற கேள்விக்கு டாட்ஜ் சகோதரர்களிடம் போக வேண்டும். 1910-இல் அவர்கள் இங்கே கார் தொழிற்சாலை திறந்தார்கள். அந்த வருடம் ஊரின் மக்கள்தொகை 3,559. பத்தே வருடத்தில் 48,615. 1930-இல் 56,268, அதாவது இன்றைக்கு இருப்பதைப்போல் இரு மடங்கு. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் போலந்துக்காரர்கள். அவர்கள் கட்டிய புனித ஃப்ளோரியன் தேவாலயம் வீட்டுக் கூரைகளுக்கு மேல் இன்றும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. 1987-இல் போலந்துக்காரரான போப் இரண்டாம் ஜான் பால் இந்த ஊருக்கு வந்தார். அவருக்குக் கடைத்தெருவில் ஒரு பூங்காவும் சிலையும் உண்டு.

தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது. ஊர் காலியாகியிருக்க வேண்டும். காலியாகாததற்குக் காரணம் வீடுகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தொழிலாளிகளுக்காகக் கட்டியவை: குறுகலான மனை, கீழே ஒரு குடும்பம் மேலே ஒரு குடும்பம், பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் நடுவே ஒருவர் ஒருக்களித்துப் போகும் சந்து. கார் இல்லாமலே கடைக்கும் கோயிலுக்கும் போய்விடலாம். போலந்துக்காரர் பிள்ளைகள் புறநகருக்குப் போனதும் இந்த வீடுகள் மலிவாகக் கிடைத்தன. ஏமன்காரர்கள் வாங்கினார்கள். அப்புறம் போஸ்னியர், அல்பேனியர். 1990-களிலிருந்து நியூயார்க்கின் குயின்ஸில் வாடகை கட்டி மாளாத வங்காளதேசத்தவர் குடும்பத்தோடு கிளம்பி வந்தார்கள். மாடியை வாடகைக்கு விட்டு, கீழே அண்ணன் தம்பி எல்லோரும் இருந்துகொள்ளலாம். நம்மூர்க் கணக்குதான்.

கோனன்ட் தெருவின் ஒரு பகுதிக்கு 'பங்களாதேஷ் அவென்யூ' என்றே கௌரவப் பெயர். அதற்குப் பின்னாலிருக்கும் குடியிருப்புத் தெருக்களில் நடந்தபோதுதான் நண்பர் முதல் தடவையாக ஃபோனை வெளியே எடுத்தார். ஒரு வீட்டின் பின்கட்டில் மரச்சட்டமும் நைலான் கயிறும் வைத்துப் பந்தல். அதில் சுரைக்காய் தொங்குகிறது. ஒவ்வொரு காயையும் கனம் தாங்காமல் அறுந்துவிடாதபடி பழைய துணிக்கிழிசலில் ஏந்திக் கட்டியிருக்கிறார்கள். வேலியோரம் அவரை ஏறியிருக்கிறது. லுங்கியும் பனியனுமாக ஒரு பெரியவர் குழாய் பிடித்துக்கொண்டிருந்தார். "இந்தியாவா பாய்?" என்று அவரே ஆரம்பித்தார். அவருக்கு வங்காளதேசத்தின் சில்ஹெட். இந்தத் தெருவில் பாதிப்பேர் அந்தப் பக்கம்தான் என்றார். விதை எங்கிருந்து என்று கேட்டதற்குச் சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை. அடுத்த வீட்டு வேலிக்குப் பின்னால் ஒரு மேரி மாதா சிலை, வாசலில் போலிஷ் பெயர்ப் பலகை. அந்த அம்மாவுக்கும் வாராவாரம் அவரைக்காய் போகிறதாம்.

இதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் சுற்றுலாத் துறைக் கையேடு ஆகிவிடும். அந்த ஐந்தில் ஒரு பங்குக் கறுப்பினத்தவரின் கதை வேறு. 1960-களில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் அவர்கள் இருந்த பகுதிகளை நகராட்சியே இடித்தது. வெளியேற்றப்பட்டவர்கள் 1968-இல் வழக்குப் போட்டார்கள். 1971-இல் நீதிபதி டேமன் கீத், இது கறுப்பின மக்களை ஊரைவிட்டு அகற்றத் திட்டமிட்டுச் செய்த வேலை என்று தீர்ப்பளித்தார். அதற்கு ஈடாகக் கட்ட வேண்டிய வீடுகளை 2000-த்துக்குப் பிறகும் கட்டிக்கொண்டிருந்தார்கள். வழக்குப் போட்டவர்களில் சிலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரு ஊரில் எந்த இனம் எத்தனை சதவீதம் என்ற எண்ணில், புல்டோசருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

வந்தேறிகளை வரவேற்ற ஊர் என்ற பெயரும் லேசில் வந்ததில்லை. 2004-இல் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்ல அனுமதி கேட்டபோது ஊரே இரண்டு பட்டு, வாக்கெடுப்பு வரை போய், அனுமதி நிலைத்தது. 2011-இல் வாக்குச்சீட்டை வங்காளத்திலும் அச்சிட வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது. பல பத்தாண்டுகளாகப் போலந்து வம்சாவளியினரே மேயர்களாக இருந்த ஊரில், 2021-இல் ஏமனில் பிறந்த அமீர் காலிப் ஜெயித்தார். 2022 தொடக்கத்தில் நகரசபை உறுப்பினர் எல்லோருமே முஸ்லிம்கள். அவர்களில் ஒருவர் இஸ்லாத்துக்கு மாறிய போலந்து வம்சாவளிப் பெண்மணி. இவரை எந்தக் கட்டத்தில் போடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

2023-இல் இந்த சபை, நகராட்சி இடங்களில் அரசுக் கொடிகள், நாட்டுக் கொடிகள், போர்க்கைதிகள் நினைவுக் கொடி தவிர வேறு எதையும் ஏற்றக்கூடாது என்று தீர்மானம் போட்டது. தன்பாலின ஈர்ப்பாளர்களின் வானவில் கொடிக்கு இடமில்லாமல் போனது. முன்பு இங்குள்ள முஸ்லிம்களுக்காகக் குரல் கொடுத்தவர்களில் பலருக்கு அது பெரிய அடி. டீக்கடையில் ஏமன் இளைஞர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "வந்தவங்க எல்லாரும் ஒரே மாதிரி ஓட்டுப் போடணும்னு யார் சொன்னது?" என்றார். பக்கத்து மேசையிலிருந்த அவர் சிநேகிதர் உடனே மறுத்துப் பேச ஆரம்பித்தார். அரபியில் போனதால் மேற்கொண்டு எனக்குப் புரியவில்லை. குரல் உயர்ந்தது மட்டும் தெரிந்தது.

அதே இளைஞரிடம் கணக்கெடுப்பில் என்ன போடுவீர்கள் என்றும் கேட்டேன். 2024 மார்ச்சில் மத்திய அரசு விதியை மாற்றி, மத்திய கிழக்கு மற்றும் வட ஆப்பிரிக்காவுக்குத் தனிக் கட்டம் கொடுத்துவிட்டது. அந்த விதி அப்படியே நின்றால் 2030 படிவத்தில் அது இருக்கும். அவருக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் அவர் மனைவி பாதி போஸ்னியர், பிள்ளைகளுக்கு எதைக் குறிப்பது என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லையாம்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாயில் போனால், பஞ்ச்கி என்ற போலிஷ் டோனட்டுக்காக விடியற்காலையிலேயே பேக்கரி வாசலில் வரிசை நிற்கும். வெள்ளிக்கிழமை மதியம் காரை நிறுத்த இடம் கிடைக்காது. முந்தியே போய்விடுங்கள்.