மலை ஆஸ்பத்திரிக்கு ஒரு விண்ணப்பக் கடிதம்

நீலகிரி மலையில் கூடலூரிலோ கோத்தகிரியிலோ உள்ள ஒரு சிறிய தனியார் அல்லது டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்கு ஸ்டாஃப் நர்ஸ் வேலை கேட்டு எழுதினால், அதைப் பெரும்பாலும் முதலில் படிப்பவர் நர்சிங் சூப்பரின்டென்டென்ட். ரவுண்ட்ஸுக்கும் அடுத்த அட்மிஷனுக்கும் நடுவே நின்றபடி படிப்பார். ஒரு பக்கத்துக்கு மேல் போகவே கூடாது. "சேவை செய்வது என் சிறுவயதுக் கனவு" என்ற தொடக்கம் வேண்டாம். அவர் தேடும் விவரம் அதில் எதுவும் இல்லை.

அரசு வேலைக்கு இதெல்லாம் பொருந்தாது. எம்ஆர்பி (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வுக்கு ஆன்லைன் விண்ணப்பம்தான். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒப்பந்தப் பணிகளுக்கு அவர்கள் தரும் படிவம். அங்கே கடிதத்துக்கு மதிப்பெண் கிடையாது.

முதல் பத்தியில் நான்கு விவரம்: எந்தப் பணி, என்ன படிப்பு, நர்சிங் கவுன்சில் பதிவு எண், எப்போது சேர முடியும். பந்தலூர், சேரம்பாடி பக்கத்துப் பிள்ளைகள் பலர் கேரளத்திலோ கர்நாடகத்திலோ படித்து அங்கேயே பதிவு செய்திருப்பார்கள். இங்கே வேலை பார்க்கத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு வேண்டும். இன்னும் மாற்றவில்லை என்றால் மறைக்காதீர்கள். "தடையில்லாச் சான்று வாங்கிவிட்டேன், பதிவு மாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன்" என்று எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அதை எழுதுங்கள். சேரும் நாளில் தெரியவந்தால் வேலையே போகும்.

இரண்டாவது பத்திதான் கடிதத்தின் உயிர். "எல்லா வார்டிலும் நல்ல அனுபவம் உண்டு" என்ற வரியை வைத்துக்கொண்டு யாரும் டியூட்டி லிஸ்ட் போட முடியாது. இப்படி எழுதலாம்: "30 படுக்கை பொது வார்டில் 14 மாதம் வேலை பார்த்தேன். இரவில் இரண்டு நர்ஸ்கள் மட்டும். கேனுலா, கதீட்டர், நெபுலைசேஷன், ரத்தம் ஏற்றும்போது கண்காணிப்பு ஆகியவற்றைத் தனியாகச் செய்வேன். வென்டிலேட்டர் நோயாளிகளைச் சீனியர் மேற்பார்வையில் மட்டும் பார்த்திருக்கிறேன்." கடைசி வாக்கியத்தை வெட்டிவிடாதீர்கள், மற்றவற்றை நம்ப வைப்பதே அதுதான். எழுதிய ஒவ்வொன்றிலிருந்தும் நேர்காணலில் கேள்வி வரும். ரத்தம் ஏற்றத் தெரியும் என்றால், முதல் 15 நிமிடம் எதையெல்லாம் பார்ப்பீர்கள் என்று கேட்பார்கள். நோயாளி பக்கத்திலேயே நின்று காய்ச்சல், நடுக்கம், அரிப்பு, மூச்சுத்திணறல், முதுகுவலி வருகிறதா என்று பார்ப்பேன் என்ற பதில் தயாராக இருக்க வேண்டும். படித்து முடித்தவுடன் விண்ணப்பிப்பவர்கள் லாக் புக்கில் (பயிற்சியில் செய்ததைப் பதியும் ஏடு) கையெழுத்தான எண்ணிக்கையை எழுதலாம்: எத்தனை பிரசவம் பார்த்தீர்கள், எத்தனைக்கு உதவினீர்கள் என்று தனித்தனியாக.

இதோடு மலைக்கே உரிய வேலையைச் சேர்த்தால் கடிதம் தனித்து நிற்கும். பணியர், இருளர், குறும்பர் பழங்குடி மக்களிடையே சிக்கிள் செல் நோய் (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்) உண்டு. குளிரும் நீர்ச்சத்துக் குறைவும் வலியைக் கிளப்பிவிடும். அப்படி வந்த நோயாளியைக் கதகதப்பாக வைத்து, திரவம் கொடுத்து, வலி அளவும் ஆக்ஸிஜன் அளவும் குறித்துக் கவனித்த அனுபவம் இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். பூச்சிமருந்து விஷம், பாம்புக்கடி கேஸ்களைப் பார்த்திருந்தாலும் அப்படியே. ஆனால் நோயாளியின் பெயரோ ஊரோ கூடாது.

இன்னொன்று ரெஃபரல், அதாவது நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. ஆம்புலன்ஸில் நோயாளியோடு கோவைக்கு இறங்கியிருந்தால் கட்டாயம் குறிப்பிடுங்கள். நிரம்பிய பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் ஆக்ஸிஜன். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் இரண்டரை மணி நேரம்தான். கூடலூரிலிருந்து கோவை அதற்குள் வராது. கிளம்பும் முன்பே இந்தக் கணக்கைப் போடுகிற நர்ஸைத்தான் மலையில் தேடுகிறார்கள்.

மூன்றாவது பத்தியில் மொழியும் தங்குமிடமும். படுகு, மலையாளம், கன்னடம், பணிய மொழி இவற்றில் எதைப் பேசுவீர்கள், எது கேட்டால் மட்டும் புரியும் என்று பிரித்துச் சொல்லுங்கள். ஆடி மழையில் கூடலூரையோ, மார்கழிப் பனியில் ஊட்டியையோ தாங்காமல் புதியவர் கிளம்பிவிடுவார் என்ற பயம் நிர்வாகத்துக்கு எப்போதும் உண்டு. கடைசி பஸ் போன பிறகு நைட் டியூட்டிக்கு எப்படி வருவீர்கள்? குவார்ட்டர்ஸ் வேண்டுமா, உள்ளூரில் வீடு இருக்கிறதா என்பதை ஒரே வரியில் சொன்னால் அந்தப் பயம் பாதி தீரும். வேலையில் இடைவெளி இருந்தால் காரணமும் காலமும் ஒரு வரி. சம்பளம் அவர்கள் கேட்டால் மட்டும்.

அனுப்பும் முன் பெறுநர் பெயரைப் பாருங்கள். பழைய கடிதத்தைத் திருத்தும்போது வேறு ஆஸ்பத்திரியின் பெயர் உள்ளே தங்கிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சான்றிதழ்களைத் தனித்தனி போட்டோவாக அனுப்பாமல் கடிதம், பயோடேட்டா, கவுன்சில் பதிவு, அனுபவச் சான்று என்ற வரிசையில் ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். 2 எம்பிக்குள் இருந்தால் மலை சிக்னலிலும் திறக்கும். உங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது என்றால், டவுனில் இருக்கும் அண்ணன் அல்லது சித்தியின் எண்ணையும் அவர்களிடம் சொல்லிவிட்டுக் கடிதத்தின் அடியில் எழுதுங்கள்.