எடுத்தபாதத்தைக் கல்லிலேயே படித்தாயிற்று

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் சுற்றுமதிலில் ‘எடுத்தபாதம்’ ஒருவழியாகக் கண்ணில் சிக்கியது. அச்சில் எப்போதோ வந்துவிட்ட பெயர்தான். கல்லிலேயே படித்தாக வேண்டும் என்பது என் வீம்பு.

ராஜராஜன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பட்டியல் அது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். டெல்டா பெயர்களைச் சேர்க்கிறவனுக்கு இதைவிடப் பெரிய புதையல் கிடையாது. சோழகுலசுந்தரி, ஏகவீரி, பட்டாலி, உதாரி என்று வரிசையாக நிற்கிறார்கள். ‘நக்கன்’ என்று முன்னாலும் ‘பங்கு ஒன்று’ என்று பின்னாலும் வந்துகொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவே மாட்டியிருப்பதுதான் பெயர்.

மாட்டியிருப்பதைப் பிரிப்பதில்தான் உயிர் போகிறது. புள்ளி கிடையாது, குறில் நெடில் எகர ஒகர வித்தியாசம் கிடையாது. இதெல்லாம் பழகிவிடும். பழகாதது காலும் (‘ா’) ரகரமும் ஒன்றுபோல இருப்பது. ‘செரமஙகை’ என்பதைச் சேரமங்கை என்றும் படிக்கலாம், சோமங்கை என்றும் படிக்கலாம். ‘பாதம’ என்பதைப் பரதம் என்று படித்தாலும் கல் மறுக்காது. ஆடுகிற பெண்ணுக்குப் பரதம் பொருந்துகிறதே என்று மனசு அலைபாயும். ஆனால் முன்னால் ‘எடுத்த’ நிற்கிறது. ‘எடுத்த பொற்பாதம்’ என்று அப்பர் பாடியது கை கொடுக்க, பாதம் என்று முடிவு கட்டினேன். வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்து ஏகார ஓகாரத்தைப் பிரித்தது 18-ஆம் நூற்றாண்டில். கொஞ்சம் முன்னாலேயே பிறந்திருக்கக் கூடாதா? (அவர் பெயரும் என் நோட்டில் உண்டு. கான்ஸ்டன்டைன் என்றால் லத்தீனில் உறுதியானவன். இங்கே வந்து முதலில் தைரியநாதர் ஆனார், அப்புறம்தான் வீரமாமுனிவர்.)

உச்சி வெயிலில் எழுத்து முழுக்கக் கரைந்துபோகும். பகலில் டார்ச் சுத்த வேஸ்ட். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து, சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடித்தால் வெட்டின் ஒரு கரை மட்டும் நிழல் கட்டி எழுத்து எழுந்து நிற்கும். பிளாஸ்டிக் சட்டம் போட்ட சந்தைக் கண்ணாடியே போதும். ஆன்லைனில் விற்கும் பளபளப்பான சமாச்சாரம் ஒன்றை வாங்கிக் காசு போனதுதான் மிச்சம்.

சரி, இத்தனை பாடு எதற்கு? சிதம்பரம், சீர்காழிப் பக்கத்துத் தாத்தாக்களில் குஞ்சிதபாதங்கள் எத்தனை பேர்! நடராஜர் தூக்கி வளைத்த அதே பாதம்தான். ஆயிரம் வருஷத்தில் தமிழ் சமஸ்கிருதமாகி, பெண் பெயர் ஆண் பெயராகியிருக்கிறது. நோட்டில் இரண்டையும் ஒரே வரியில் எழுதியபோது வந்த திருப்தியே தனி.

கல்யாணப் பத்திரிகைகளும் சேர்த்துவருகிறேன். கும்பகோணத்து அச்சக நண்பர் மிஞ்சியதை எடுத்துவைத்துத் தருகிறார். தாத்தா பாட்டி வரியில் சாரங்கபாணி, சுவாமிநாதன், அபயாம்பாள், நீலாயதாட்சி. பெயரைக் கேட்டாலே கும்பகோணமா, சுவாமிமலையா, மாயவரமா, நாகப்பட்டினமா என்று சொல்லிவிடலாம். மணமக்கள் வரியில் நித்தின், ஹரிணி. இவர்களை எந்த ஊரில் சேர்ப்பது? நாகூர்ப் பக்கத்து சாகுல் ஹமீது, நாகூர் மீரான், வேளாங்கண்ணிப் பக்கத்து ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி எல்லாருக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். அந்தப் பக்கங்கள் இன்னும் பாதிகூட நிரம்பவில்லை.

அதற்குள் மனசு தரங்கம்பாடிக்குப் போய்விட்டது. 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் இருந்த ஊர். ஹான்ஸ் மகன் ஹான்சென், யென்ஸ் மகன் யென்சென். நம் இனிஷியலைப் பின்னால் ஒட்டிக்கொண்ட ஜனங்கள். அங்கே கல்லறைக் கற்களில் காலும் ரகரமும் குழப்பாது என்பதே பெரிய நிம்மதி. உப்புக்காற்று எவ்வளவு அரித்திருக்கிறதோ, கண்ணாடியை எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும்.